காரைக்குடியில் பழைய பாத்திரம்: எது அடுப்புக்கு, எது அலமாரிக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் பாத்திரம் தேட மார்கழியும் தையும்தான் தோதான மாதங்கள். அந்தக் கடைகளில் நல்ல சரக்கு எப்போதும் முன்னால் இருக்காது. பின்கட்டிலும் தகரக் கொட்டகையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். சித்திரையில் அந்தத் தகரத்துக்கு அடியில் கால் மணி நேரம் நிற்பதே பெரும்பாடு. குளிர்காலத்தில் நிதானமாக நின்று, அடுக்கின் அடியில் கிடப்பதையும் இறக்கச் சொல்லிப் பார்க்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் பித்தளைமேல் வேலை காட்டியிருக்கும். மெருகு மங்கி, ஒட்டுப் போட்ட இடங்களிலும் அடி தேய்ந்த இடங்களிலும் பச்சைக் களிம்பு கோடாகத் தெரியும். மெருகேற்றிப் பளபளவென்று வைத்த பாத்திரத்தில் இந்தக் கோடு தெரியாது. ஆகவே, கடைக்காரர் இன்னும் தேய்க்காத பாத்திரத்தையே முதலில் கேளுங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. சுற்றுலாக்காரர்கள், நோன்புக்கும் கல்யாணத்துக்கும் ஊர் திரும்பிய குடும்பங்கள் என்று தெருவே நிறைந்திருக்கும். சொல்லும் விலையும் அதற்கேற்ப ஏறும். வார நாளில், காலை வெயில் கடைவாசலில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் குறைந்துவிடும். குழல் விளக்கில் பாத்திரத்தின் உள்பூச்சு எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இருட்டிய பிறகு பிடித்துப்போனதை மறுநாள் காலை வந்து வெயிலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த ஊரில் இவ்வளவு பாத்திரம் சேர்ந்ததற்குக் காரணம் தெரிந்ததே. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்த நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் சீராகப் பாத்திரங்களை டஜன் கணக்கில் கொடுத்தார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும், 1960களில் அங்கே எல்லாம் அரசுடைமையானதும் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. பெரிய வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன, சில இடிக்கப்பட்டன. அங்கிருந்து கடைகளுக்குத் தேக்குத் தூணும் வந்தது, அண்டாவும் வந்தது. இதில் வாங்குபவருக்கு உள்ள செய்தி ஒன்றுதான்: பெரும்பாலான சாமான் விசேஷ வீட்டுச் சமையல் அளவு. வீட்டு கேஸ் அடுப்பில் எட்டு, பத்து லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தைப் பத்திரமாக வைக்க முடியாது. உருண்டை அடி உள்ள வெண்கலப் பானைக்கு அடுப்பின்மேல் ஒரு வளையம் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளை, வெண்கலம், செம்பு, கல்சட்டி எதுவும் சூடாகாது. இரும்பு மட்டும் ஆகும். உங்கள் அடுப்பையும் அலமாரித் தட்டின் உயரத்தையும் அளந்துகொண்டு புறப்படுங்கள்.

பழையது என்பதாலேயே ஒரு பாத்திரம் சமைக்கத் தகுதி பெற்றுவிடாது. உலோகம் எது, ஒட்டு எதனால் போட்டது, உள்பூச்சு என்ன? மூன்றுக்கும் விடை தெரிந்தால் அடுப்புக்கு வாங்கலாம். ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் அது அலமாரிக்குத்தான். இந்த ஒரு விதியை விட்டுக்கொடுக்க வேண்டாம். அழகான பாத்திரம் கையில் இருக்கும்போதுதான் அது மறந்துபோகும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை: ஒரு சிறு காந்தம், டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி, அரை மூடி எலுமிச்சை, ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் நூல், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு.

பித்தளையா வெண்கலமா

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். நல்ல வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்கும். எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது ஓசை. பாத்திரத்தை விளிம்பில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, விரல் கணுவால் தட்டுங்கள். வெண்கலம் நீண்டு ஒலிக்கும். பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலப் பானை நீண்டு ஒலிக்காமல் கரகரத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. டார்ச்சை உள்ளே வைத்து வெளியே பாருங்கள், கழுத்தும் வயிறும் சேரும் இடத்தில் பெரும்பாலும் மாட்டும். விரிசல் விட்ட வெண்கலத்தைத் தட்டி நிமிர்த்த முடியாது, இன்னும் உடையும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சமையலுக்கு அதை எடுக்க வேண்டாம்.

நிறம் பார்க்க, அனுமதி கேட்டு, அடியில் ஓர் அங்குல இடத்தில் எலுமிச்சையைத் தேயுங்கள். எலுமிச்சை நிற மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெளிறிய, லேசாகச் சாம்பல் கலந்த பொன்னிறம் என்றால் வெண்கலம். தேய்த்தும் நிறம் கொஞ்சமும் மாறவில்லையா? மேலே வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். பளபளப்பு மங்காமல் இருக்கக் கடைகளில் இப்படிப் பூசுவது உண்டு. அதை வீட்டில் எடுத்துவிடலாம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, பாத்திரம் முழுகும்படி கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் தோலாக உரிந்து வரும். வார்னிஷோடு அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. கைப்பிடியிலும் அடியிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். கைப்பிடி மட்டும் இரும்பாக இருப்பது குற்றமில்லை, அது பழைய வேலைப்பாடுதான்.

தகடாக அடித்த பித்தளைக்கும் வார்த்த பித்தளைக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். அண்டா, தவலை, குண்டான், சருவம் எல்லாம் தகடு. சுத்தியல் தடம் வரிசையாகத் தெரியும். வார்த்த பித்தளையில் வார்ப்பு சுலபமாக ஓடுவதற்காகக் காரீயம் என்ற நச்சு உலோகத்தைக் கலப்பது வழக்கம். வெண்கல உருளி என்று சொல்லி வார்த்த பித்தளை உருளியை விற்கிற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உருளியை ஓசை பார்க்காமல் வாங்கவே கூடாது. வார்த்த பித்தளை உருளியில் பூ மிதக்கவிடலாம், புளிக்குழம்பு வைக்க வேண்டாம்.

அடுத்து அடி. பாத்திரத்தைத் தலைகீழாக வெயிலுக்கு நேரே தூக்கி, வாய் வழியே உள்ளே பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஒளிப்புள்ளி தெரியும். பிறகு தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள்மேல் பத்து நிமிடம் வையுங்கள். பித்தளையில் ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் அரித்துப்போய் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் விட்டுவிடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளைப் பொடி வைத்துப் பற்றவைத்தது, நல்லது. சாம்பல் நிறத்தில் மெத்தென்று, நகம் பதியும்படி இருந்தால் காரீயம் கலந்த பற்று. அது வெளிப்புறம் மட்டும் என்றால் தண்ணீர் சேமிக்கக்கூட நான் தயங்குவேன். உள்ளே என்றால் அலமாரிதான்.

உள்பூச்சு

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளி, தயிர், தக்காளி, எலுமிச்சை எது பட்டாலும் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாக ஏறும், வயிற்றைப் புரட்டும். அதனால்தான் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசுகிறார்கள். பழைய பாத்திரத்தில் இருக்கும் பூச்சை நம்பாதீர்கள். வாங்கிய உடனே புதிதாகப் பூச வேண்டும் என்றே கணக்குப் போட்டு அந்தக் கூலியை விலையில் சேர்த்துப் பேசுங்கள். பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் ஈயம் பூசுபவருக்கு ஓய்வே இருக்காது. அவசரத்தில் நடக்கும் வேலை மோசமாகத்தான் இருக்கும். மார்கழி முதல் வாரத்திலோ, பொங்கல் கழிந்தோ கொடுங்கள்.

பூசும்போது பக்கத்தில் நில்லுங்கள், காற்று வரும் பக்கமாக. பாத்திரத்தை முதலில் மணலும் அமிலமும் போட்டுத் துலக்கிப் பழைய கறையை முழுக்க எடுக்க வேண்டும். பிறகு கரிநெருப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயக் கட்டியைத் தொட்டு, பஞ்சுத் துணியால் ஒரே வீச்சில் பரப்ப வேண்டும். நவச்சாரப் புகை நெஞ்சை அடைக்கும், குழந்தைகளை அருகே விடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். சூடு மிஞ்சினால் பூச்சு மஞ்சளாகப் பழுக்கும். சூடு போதாவிட்டால் திட்டுத்திட்டாக நின்று சீக்கிரம் உரியும். சரியான பூச்சு வெண்மையாக, சீராக இருக்கும். கழுவித் துடைத்த பிறகும் வெள்ளைத் துணியில் கருநீலச் சாம்பல் ஏறிக்கொண்டே இருந்தால் ஈயத்தில் காரீயம் கலந்திருக்கிறது. மலிவான பற்றவைப்புக் கட்டியையே பூசிவிடும் வழக்கம் உண்டு. சுத்தமான வெள்ளீயக் கட்டியை நாமே வாங்கிக் கொடுப்பது இதற்கு நல்ல வழி.

ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே சூடேற்றக் கூடாது, அதில் எண்ணெய் காய்ச்சித் தாளிக்கக் கூடாது, இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது. இந்த மூன்றையும் காத்தால் பூச்சு நின்று பேசும். மஞ்சள் அடி தெரியத் தொடங்கிய நாளில் புளிப்புச் சமையலை நிறுத்திவிட்டு மறுபடி பூசக் கொடுக்க வேண்டும்.

ஈயச் சொம்பு

பழைய பாத்திரங்களில் மிக அதிகமாக விரும்பித் தேடப்படுவதும், மிகக் கவனமாக வாங்க வேண்டியதும் இதுதான். ரசத்துக்கான ஈயச் சொம்பு முழுக்க வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளியும் சூடும் சேர்ந்து அதை நேரே ரசத்தில் இறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. கண்ணுக்கும் நாக்குக்கும் ஒன்றும் தெரியாது. தவிர, அலுமினியத்தையும் ஈயம் என்றே சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தராசு இங்கேதான் பயன்படும். முதலில் சொம்பைக் காய்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சொம்பு முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிறைத்த பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் சாய்த்துத் தண்ணீர் நிறைத்து, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். கை ஆடாமல் இருக்கட்டும். இப்போது தராசு காட்டும் கிராம், சொம்பு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதனால் வகுங்கள். சுத்த வெள்ளீயம் 7.3 என்று வரும். 500 கிராம் சொம்பு என்றால் தராசு 68 அல்லது 69 கிராம் காட்டும். அதே எடையில் பாதி காரீயம் என்றால் 56 கிராம்தான் வரும். முழுக் காரீயம் 44. அலுமினியம் என்றால் 185க்கு ஓடிவிடும். வகுத்து வந்தது 7.5ஐத் தாண்டினால் அந்தச் சொம்பைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு வரையிலான காரீயம் இந்த அளவுக்குள் சிக்காமல் மறைந்துவிடும். சந்தேகம் தீர, நகையின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி இருக்கும் இடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்; ஆனால் பல கருவிகள் தங்கம், வெள்ளிக்கு மட்டுமே அளவு வைத்திருக்கும். வெள்ளீயமும் காரீயமும் காட்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் பழைய ஈயச் சொம்பை வாங்காமல் இருப்பதே என் கட்சி.

நல்ல சொம்பு கிடைத்துவிட்டால், புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறக் கூடாது. உள்ளே நீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியில் நிற்கும். வற்றினால் நிமிடங்களில் அடி உருகி அடுப்பில் வழியும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து மேலே கொட்டுங்கள்.

கல், இரும்பு, பீங்கான், எனாமல்

மாக்கல்லில் கடைந்த கல்சட்டி பழையதாகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. புதுச் சட்டியை நாள்கணக்கில் கஞ்சியும் எண்ணெயும் கொடுத்துப் பழக்க வேண்டும்; கறுத்துப்போன பழைய சட்டி முன்பே பழகியது. பார்க்க வேண்டியது மயிரிழை விரிசல். தண்ணீர் நிரப்பி வைத்து, வெளிப்பக்கம் எங்காவது கோடாக நனைகிறதா என்று பாருங்கள். குளிர்காலக் காலையில் சட்டி சில்லென்று இருக்கும். எடுத்ததும் பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும். முதல் பத்து நிமிடம் சிறு தீ. சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. குழம்பு முற்றிலும் வற்றும் முன்பே அடுப்பை அணைக்க வேண்டும், அதன்பிறகும் வெகுநேரம் கொதிக்கும்.

இரும்புப் பணியாரச் சட்டி, தோசைக்கல் இரண்டுக்கும் சமதரையில் வைத்து ஆட்டிப் பார்ப்பதே பெரிய சோதனை. ஆடினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும், தோசை ஒரு பக்கம் கருகும். மேல்துரு பயமில்லை. பள்ளம் விழுந்த துரு மட்டும் விட்டுவிட வேண்டியது. வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, உடனே கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தை முழுக்க ஓட்டுங்கள். இரவு முழுக்க வினிகரில் போட்டால் துருவோடு இரும்பையும் தின்றுவிடும். அதன்பின் இரண்டு, மூன்று நாள் வடித்த கஞ்சியில் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றி, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடேற்றினால் சட்டி பழகிவிடும். குழிக்குள் சாம்பல் நிற உலோகப் படிவு ஒட்டியிருக்கும் இரும்புக் கரண்டி, சட்டி எதையும் தொட வேண்டாம். காரீயம் உருக்கப் பயன்பட்டிருக்கலாம்.

ஊறுகாய் ஜாடியில் கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிட மெருகில் ஓடும் வலைக்கோடுதான் தொல்லை. உப்பு அதன் வழியே ஊறி வெளிப்பக்கம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அப்படிப் பூத்த ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் திரும்பப் பூக்கும். அரிசியோ பருப்போ போட்டு வைக்கலாம்.

எனாமல் சாமான்தான் காரைக்குடியின் கண்கவர் சரக்கு. ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஆஸ்திரியா, ஜப்பான் என்று கப்பலேறி வந்தவை. அடியில் இருக்கும் முத்திரை காலத்தைச் சொல்லும்: செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918 முதல் 1992 வரைதான் இருந்தது, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற ஆங்கில முத்திரை 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. முத்திரை மெருகுக்கு அடியில் இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் உரியும் முத்திரை பிற்பாடு ஒட்டியது. உள்பக்கம் பெயர்ந்திருந்தால் அதில் சமைக்கக் கூடாது, மெருகு என்பது கண்ணாடி. தூளாகச் சோற்றில் விழும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறம் உள்பக்கம் இருந்தால் அதில் புளிப்பு எதையும் வைக்காதீர்கள், பழைய காலத்தில் அந்த நிறங்களுக்கு காட்மியமும் காரீயமும் சேர்த்தார்கள். தூக்குவாளிகளை அழகுக்கு வாங்குங்கள், மனநிறைவோடு வாங்கலாம்.

இடியாப்ப நாழி, முறுக்கு உழக்கில் அச்சு வில்லைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் விட்டமும் வேறு, இன்னொன்றின் வில்லை பொருந்தாது. உலக்கைக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால் மாவு கீழே இறங்காமல் மேலே ஏறும். காபி ஃபில்டரில் மேல்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எல்லாத் துளையும் சொட்ட வேண்டும்.

விலையும் பெயர்வெட்டும்

பேச்சைத் தொடங்கும் கேள்வி இதுதான்: “அண்ணே, இது எடைக்கா, பீஸுக்கா?” அன்றைய பழைய பித்தளை, வெண்கல விலையைப் புறப்படும் முன் உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் கேட்டு வையுங்கள். உலோக எடை விலைக்கு மேலே கேட்பது வேலைப்பாட்டுக்கும் அரிதுக்குமான விலை. சாதாரணக் குண்டானுக்கு அது அதிகம் இருக்கக் கூடாது. பொங்கல் நெருங்கும்போது ஜனங்கள் பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுப்பார்கள். அந்த நாட்களில் பழம்பொருள் கடையை விட பாத்திரக்கடையின் பின்பக்கக் குவியலில், வெறும் எடை விலைக்கு, நல்ல தவலையும் சருவமும் அகப்படும். உருக்கப் போவதற்கு முன் ஒரு பாத்திரத்தை மீட்டு அடுப்பேற்றுவதில் இருக்கும் நிறைவு தனி.

பெயர்வெட்டு காலத்தைக் கணிக்க உதவும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். தும்பிக்கை வைத்த பழைய லை, னை, ணை எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆனால் வயதான வெட்டுக்காரர்கள் அதன் பின்னும் பழைய எழுத்தையே வெட்டினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வெட்டின் பள்ளத்தில் அழுக்கு ஏறாமல் பளிச்சென்று இருந்தால் அது புது வெட்டு.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டும் அதற்கு மேலும் பழமையான கலைப்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. பழமையாகத் தோன்றும் பாத்திரத்துக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குவது நல்லது. கடைக்காரர் “நூற்றைம்பது வருஷப் பழசு” என்று ரசீதில் எழுதிக் கொடுத்தால் விமான நிலையத்தில் அதுவே வம்பாகும். வெண்கலத்தையும் கல்சட்டியையும் பேருந்தின் மேல்தட்டில் வைக்காமல், உள்ளே துணி திணித்து, வாய் கீழே பார்க்க, காலடியில் வைத்துக் கொண்டுபோங்கள். ஈயச் சொம்பின்மேல் வேறு எதையும் அடுக்காதீர்கள், அது நசுங்கிவிடும்.